சிறகின் சாட்சியம்

கல்லில் பதிந்த ஒரு சிறகை மட்டும் கண்டு, அதற்குரிய உயிருக்குப் பெயர் சூட்டுவது அறிவா, அனுமானமா? அனுமானம் உண்மைக்கு ஈடாகாது எனத் திருமறை எச்சரித்திருப்பதால், இக்கேள்வி விலங்கியலாருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியதே.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிராங்க் கார்ப்பென்டர், கான்சாஸ் மாநிலத்துப் பாறையில் கிடைத்த சிறகுத் துண்டுகளைக் கொண்டு 1939இல் 'மெகாநியூரோப்சிஸ் பெர்மியானா' என்று ஒரு பூச்சிக்குப் பெயரிட்டார். தட்டானுக்கு உறவான அது சிறகு விரித்தால் ஏறத்தாழ 70 செ.மீ. இருந்திருக்கும் என்பது கணக்கு. உடல் கிடைக்கவில்லை. குருடிமலை அடிவாரத்தில், மழைக்கு முன் தாழப் பறக்கும் நம் பெரியநாயக்கன்பாளையத்துத் தட்டானைக் கண்டவருக்கு இவ்வளவு வியப்புப் போதும்.

சிறகு மட்டும் எஞ்சுவதில் புதுமையில்லை. தட்டானைப் பிடித்த குருவி உடலைத் தின்று, சதையற்ற சிறகை உதறிவிடுகிறது. அச்சிறகிலோ நரம்புகள் எழுத்துப் போல் ஓடுகின்றன. எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, எது எதனுடன் கூடுகிறது என்பன தலைமுறை தலைமுறையாக வருபவை. காம்ஸ்டாக், நீதம் என்னும் இருவர் 1898இல் அந்நரம்புகளுக்குப் பொதுப்பெயர் வகுத்தபின், வெவ்வேறு பூச்சிகளின் சிறகுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிப்பது எளிதாயிற்று.

நம் சட்டக்கலையில் இதற்குக் கியாஸ் என்று பெயர். மதுவின் விலக்கைப் பிற போதைப் பொருளுக்கும் நீட்டுகிறோம். போதை என்னும் 'இல்லத்' இரண்டிலும் இருப்பதால். நிறம் ஒத்திருக்கிறதென்று திராட்சைச் சர்பத்தை யாரும் ஹராமாக்குவதில்லை. சிறகாய்விலும் நரம்பின் அமைப்பே இல்லத். கல்லின் கறை அன்று. நரம்பு சொல்லாத உடலின் நிறத்தைப் பற்றி நேர்மையான ஆய்வாளர் வாய் திறப்பதில்லை. அதே கார்ப்பென்டர் ஓக்லஹோமாவில் கிடைத்த சிறகொன்றை 1947இல் வேறோர் இனமாக அறிவித்தார். பிற்கால ஆய்வாளர் இரண்டும் ஒன்றே என்றனர். அப்படிச் சொல்ல வழியிருந்தது ஏன்? பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டிருந்தது. ஹதீஸுக்கு அறிவிப்பாளர் தொடர் எப்படியோ, இனப்பெயருக்கு மூல மாதிரி அப்படி. தொடரைக் காட்டாமல் வாசகத்தை மட்டும் ஓதுபவரை நம் முன்னோர் ஏற்றதில்லை.

இங்கே நம்மவரைப் பற்றி ஒரு சொல். ஒரு மனிதரின் பேச்சிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிய்த்தெடுத்து, 'இவர் இன்ன கூட்டத்தார்' என முத்திரை குத்தும் வழக்கம் ஆலிம்கள் அவையிலும் புகுந்துள்ளது. மாய்ந்துபோன பூச்சியிடம் கேட்க வழியில்லை. ஆகவே சிறகோடு நிற்கின்றனர். பேசியவரோ அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அவரைக் கேளாமல் தீர்ப்பெழுதுவதைக் கியாஸ் என்று அழைத்தல் கியாஸுக்கே இழுக்கு.

நம் நாட்டிலேயே அண்மையில் ஒன்று நடந்தது. மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகைப் பாறையில், பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட 'டிக்கின்சோனியா' என்னும் உயிரின் பதிவைக் கண்டதாக 2021இல் கிரெகரி ரெடாலக் குழுவினர் எழுதினர். இடத்தை அவர்கள் மறைக்கவில்லை. ஆகவே ஜோசப் மீர்ட்டும் உடன் ஆய்வாளரும் அங்கே சென்று பார்த்தனர். 2023இல் வெளியான அவர்களது முடிவு: அது தேனடை, தேனீக்கள் விட்டுச்சென்ற மெழுகு. திருமறையில் தன் பெயரால் ஓர் அத்தியாயமே கொண்ட சிற்றுயிர், பேரறிஞர்களை இரண்டாண்டு காலம் ஏமாற்றிவிட்டது! ரெடாலக் வாதாடவில்லை, மீர்ட்டின் முடிவை ஏற்றுக்கொண்டார். மீர்ட் குழுவினர் சென்றபோதே அம்மெழுகு பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது.