பசியாறிட்டியா?



நம் நாட்டுத் தமிழில் ஓர் அருமையான சொல் இருக்கிறது. காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டியா?" என்று கேட்கிறோம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து வருகிற வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஓதுவார் ஒருவர், நம் கோயில் மடப்பள்ளியில் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல டிபன் ஆச்சான்னு கேப்போம். நீங்க பண்டத்தைக் கேக்கல, பசியைக் கேக்குறீங்க" என்றார். எனக்கு அது வரைக்கும் அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை. சாப்பிட்டாயா என்பது வேறு. உன் பசி ஆறியதா என்பது வேறு.

இந்த மாதம் பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். "சமயச் சொற்பொழிவுப் பக்கத்துல உடம்பு எதுக்கு ஐயா, ஆன்மாவைப் பத்திச் சொல்லுங்க" என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தப் பெருமான் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும், சமய வகுப்பில் படம் வரைந்து வண்ணம் தீட்டியிருப்பீர்கள். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை. அப்பா தண்ணீரில் மூழ்கிக் குளிக்கிறார். பிள்ளைக்கு அப்பாவைக் காணோம், அழுகிறது. இறைவன் அம்மையைப் பார்த்து, பிள்ளைக்குப் பால் கொடு என்கிறார். அம்மை பொன் கிண்ணத்தில் பாலைக் கறந்து, அதிலே சிவஞானத்தைக் குழைத்து ஊட்டுகிறாள். அதன் பிறகுதான் பாட்டு வருகிறது.

இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இறைவன் நினைத்திருந்தால் ஞானத்தை நேரே நெஞ்சுக்குள் வைத்திருக்கலாம். தலையில் கை வைத்தால் போதாதா? ஆனால் பால் வந்தது. ஞானம் அந்தப் பாலோடு ஒரே கிண்ணத்தில் வந்தது. அழுகிற பிள்ளைக்கு முதலில் பாடம் சொல்ல வேண்டும் என்று உமையம்மைக்கே தோன்றவில்லை. நாம் மட்டும் பிள்ளையின் வயிற்றை வீட்டில் விட்டுவிட்டு, மூளையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறோம்.

நம் இயக்கம் பிள்ளைகளுக்கு நிறையச் செய்கிறது, மறுக்கவில்லை. தேர்வுக்கு முன் சிறப்புப் பூசை வைக்கிறோம், பேனாவை சரஸ்வதி பாதத்தில் வைத்துக் கொடுக்கிறோம், தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். எல்லாம் நல்லதுதான். ஆனால் முகாமில் பேச வருகிறவர் "உன்னால் முடியும்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கும்போது, மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை தலை கவிழ்ந்து தூங்குகிறதே, அதை யாராவது எழுப்பி, "நேத்து ராத்திரி எப்ப சாப்பிட்ட?" என்று கேட்டோமா?

கணக்குப் போடுங்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, காலையில் எதுவும் சாப்பிடாமல் பள்ளி வேன் ஏறுகிறது. ஏழரைக்குப் பள்ளி ஆரம்பம். ஓய்வு மணி அடிக்கப் பத்து மணி ஆகிறது. பதினான்கு மணி நேரம் வெறும் வயிறு. சபைகூடலில் மயங்கி விழும் பிள்ளையைப் பார்த்து "வெயில் தாங்கல" என்கிறோம். காலை ஏழே முக்காலுக்கு என்ன வெயில்?

எல்லா வீட்டிலும் வறுமை காரணம் இல்லை. அம்மா இரவு ஷிப்ட் முடிந்து வருவதற்குள் வேன் போய்விடுகிறது. சில வீடுகளில் பிள்ளையே எழுந்திருப்பது ஆறே முக்காலுக்கு, காரணம் கைப்பேசி. அது வேற கதை, பிறகு வருகிறேன். வறுமை உள்ள வீடும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அரசாங்கத்தில் வழி இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.எம்.டி. என்கிற கூடுதல் உணவுத் திட்டம் 1979இலிருந்து இந்த நாட்டில் நடக்கிறது. ஆரம்பப் பள்ளியில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே உணவு. தமிழ்ப்பள்ளியிலும் உண்டு, தேசியப் பள்ளியிலும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் அந்தப் பட்டியலில் விடுபட இரண்டு காரணங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கவில்லை. மலாயில் இருப்பதால் பாட்டி அதை அலமாரியில் பத்திரமாக மடித்து வைத்திருப்பார். மற்றொன்று வெட்கம். "ஆர்.எம்.டி. பிள்ளை" என்று கூட்டாளிகள் கேலி செய்வதால், பெயர் இருந்தும் அந்த மேசைக்குப் போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டாவது காரணம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிறோம். பென்ஸ் காரில் வந்தவரும் நிற்கிறார், சைக்கிளில் வந்தவரும் நிற்கிறார். யாராவது வெட்கப்படுகிறோமா? அங்கே அது பிரசாதம். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் அதே சோறு எப்படி இழிவாகிப் போனது? உங்கள் தம்பி அந்த மேசைக்குப் போகிறவனைக் கேலி செய்தால், அன்றைக்கே அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தேவாரம் மனப்பாடம் செய்ய வைப்பதைவிட அது முக்கியமான சமய வகுப்பு.

அடுத்தது அப்பர் பெருமான்.

அவருக்கு வந்தது சூலை நோய், தாங்க முடியாத வயிற்று வலி. அப்போது அவர் வீட்டை விட்டு, சமயத்தை விட்டு, சமண மடத்தில் பெரிய பதவியில் இருந்தார். அங்கே என்ன செய்தும் வலி தீரவில்லை. கடைசியில் தன் சமையற்காரரைத் திருவதிகைக்கு, அக்கா திலகவதியாரிடம் அனுப்புகிறார். பிறகு இரவோடு இரவாகத் தானே போய் அக்கா காலில் விழுகிறார். திருநீறு கிடைக்கிறது, வலி தீருகிறது.

இந்தக் கதையைச் சொல்லி, "திருநீறு இருக்கும்போது கிளினிக் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் நெற்றியில் திருநீறு பூசுங்கள், பூசிவிட்டு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டுக்கும் சண்டை கிடையாது.

என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்துவது வேறு ஓர் இடம். திலகவதியார் பட்ட துன்பம் கொஞ்சமா? அப்பா அம்மா போனார்கள். நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். தானும் உயிரை விடத் துணிந்தவர், தம்பி ஒருவன் இருக்கிறானே என்று உயிர் தாங்கினார். அந்தத் தம்பியே விட்டுவிட்டுப் போனான். அவன் திரும்பி வந்து காலில் விழும்போது அக்கா என்ன சொல்லியிருக்கலாம்! "அன்னைக்கே சொன்னேனே, கேட்டியா?" இதுதானே நம் வீடுகளில் முதல் வார்த்தை? அவர் அப்படிச் சொல்லவில்லை. இது இறைவன் அருள், எழுந்திரு என்றார். முதலில் வலிக்கு வழி பார்த்தார்.

தம்பிக்கு வலி வந்தபோது, போய்ச் சொல்ல ஓர் அக்கா இருந்தார். அதை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். 2022இல் சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. நான்கு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நம் சமய வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பேருக்கும் நடுராத்திரி கைப்பேசிதான் அக்கா, கைப்பேசிதான் அண்ணன். தூக்கம் போகிறது, தூக்கம் போனால் காலைப் பசியாறல் போகிறது, பிறகு வகுப்பில் கவனம் போகிறது. "பிள்ளைக்கு திருஷ்டி பட்டுருச்சு" என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறோம். சுற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்றி முடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்களில் பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. பதினான்கு வயதுப் பிள்ளை என்னிடம் வந்து மனசு விட்டுப் பேசாது. என் நரைமுடி அதற்குத் தடை. உங்களிடம் பேசும். பேசினால் அறிவுரையை அவிழ்த்துவிடாதீர்கள். "கோயிலுக்கு வராததாலதான் இப்படி" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், அந்தப் பிள்ளை மறுபடி வாயே திறக்காது. கேளுங்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார், கூடவே போய் அறை வாசல் வரை விட்டுவிட்டு வாருங்கள். உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை, விளையாட்டாகச் சொன்னாலும், ரகசியம் காப்பாற்றுகிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றே பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள், நான் காத்திருக்கிறேன்.

திருமூலரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதற்குள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகவும் அவர் திருமந்திரத்தில் சொல்கிறார். எவ்வளவு பெரிய யோகி! அவரே உடம்பைப் பேணியிருக்கிறார். கோயில் கோபுரத்தில் செடி முளைத்தால் உடனே ஆள் விட்டுப் பிடுங்குகிறோம், கும்பாபிஷேகத்துக்குப் பல்லாயிரம் வெள்ளி வசூலிக்கிறோம். நடமாடும் கோயிலுக்குப் பல் சொத்தையானால், "பால் பல்லுதானே, விழுந்துரும்" என்கிறோம்.

பல் என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. அரசாங்கப் பள்ளிகளுக்குப் பல் மருத்துவக் குழு வருகிறது, சுகாதாரக் குழு வருகிறது, தடுப்பூசி போடுகிறார்கள். காசு கிடையாது. 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2010இலிருந்து பள்ளித் திட்டமாகவே கொண்டு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் பெற்றோர் கையொப்பம் வேண்டும். அந்தக் கடிதமும் பாட்டியின் அலமாரிக்குத்தான் போகிறது. வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற பெரியவர்களிடம், "பள்ளிக்கூடத்துக் கடுதாசி இருந்தா எடுத்துட்டு வாங்க பாட்டி, படிச்சுச் சொல்றோம்" என்று இரண்டு இளைஞர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு வேலை நடக்கும்! மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் நீங்கள். பெண்பிள்ளைகள் விஷயத்தை அக்காமார்கள் பார்த்துக்கொள்ளட்டும், அவர்களிடம்தான் அம்மாக்கள் கேள்வி கேட்பார்கள்.

உடற்பயிற்சி பற்றி நீட்டப் போவதில்லை. அப்பர் தள்ளாத வயதிலும் கையில் உழவாரப் படையோடு கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கினார். நம் கோத்தோங் ரோயோங்குக்கு எத்தனை பேர் வந்தீர்கள் என்று வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது.

கடைசியாகச் சர்க்கரை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் மூன்று பேரில் ஒருவரை நெருங்குகிறது. உங்கள் வீட்டில் யாருக்கு இல்லை, சொல்லுங்கள் பார்ப்போம்? அந்தப் பழக்கம் பள்ளி வயதில்தான் நாக்கில் ஏறுகிறது. டின்னில் "ஜும்லா கூலா" என்று எழுதியிருக்கும், படியுங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்றால், 325 மில்லி டின்னில் 32 கிராமுக்கு மேல். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் எட்டுத் தேக்கரண்டி. வீட்டில் அம்மா காப்பியில் எட்டுக் கரண்டி போட்டால் குடிப்பீர்களா?

அதிக சர்க்கரை உள்ள டின், போத்தல் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் வரி போட்டது. நாம் பெரிய அண்டாவில் கலக்குகிற சீராப்புக்கு வரி கிடையாது. தைப்பூசத்தன்று நம் பந்தலில் பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டிக் கொடுக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். காவடியோடு நடக்கிற பிள்ளை பந்தலுக்குப் பந்தல் வாங்கிக் குடித்து, மலையடிவாரத்துக்கு வருவதற்குள் எத்தனை பாக்கெட் என்று யாருக்குத் தெரியும்? திங்களூரில் அப்பூதி அடிகள் அப்பர் பெயரில் வைத்தது தண்ணீர்ப் பந்தல். பெயரிலேயே தண்ணீர்தான் இருக்கிறது. மோர் கொடுக்கலாம், எலுமிச்சையும் உப்பும் போட்ட தண்ணீர் கொடுக்கலாம், வெறும் தண்ணீரே கொடுக்கலாம். "சீராப் இல்லன்னா கூட்டம் வராது ஐயா" என்று போன வருடம் ஒருவர் சொன்னார். தாகம் எடுத்தவன் தண்ணீருக்கு வருவான்.

அடுத்த பந்தல் ஏற்பாட்டுக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து இதைக் கேளுங்கள். நான் கேட்டால் "ஐயா எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, பால் டின் எத்தனை பெட்டி என்ற கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

திருச்சிற்றம்பலம்.