வரப்பும் மடையும்

பத்து வயதில் அம்மா என்னை மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலில் நடந்த சொற்பொழிவுக்குக் கூட்டிப்போனாள். கடலின் ஆழத்தை அளக்கப்போன உப்புப் பொம்மையின் கதை அன்று. ராமகிருஷ்ண பரமஹம்சர் சொன்ன கதை. பொம்மை தண்ணீரில் இறங்கியது, கரைந்தது. ஆழத்தைத் திரும்பி வந்து சொல்ல ஆளில்லை. இப்படி 'நான்' கரைவதே பேறு என்றார் சொற்பொழிவாளர். எல்லோரும் கைகூப்பினார்கள். எனக்கோ அழுகை வந்தது.

மறுநாள் உப்பளத்தில் அப்பாவிடம் கேட்டேன். அவர் பாத்தி வரப்புக்குக் களிமண் அணைத்துக்கொண்டிருந்தார். "வரப்பு கரைஞ்சா பாத்தி ஏதுடா? எல்லாம் ஒரே தண்ணிதான்" என்றார். நிமிரக்கூட இல்லை.

பின்னால் நான் உயிரியல் ஆசிரியரானேன். கரைவதா, காப்பதா, எது உயிரின் வழி என்ற கேள்வியும் கூடவே வந்தது.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு அறைகள். 'செல்' என்று பெயரிட்டார். மடத்துத் துறவியின் அறைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆனால் தக்கை செத்த பொருள். அவர் பார்த்தது சுவரை மட்டுமே. குடியிருந்தவர் என்றோ போய்விட்டார்.

குடியிருப்பவரைப் பார்க்க எங்கள் அளமே போதும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. வெயில் காய்ந்து, உப்பு பூக்கும் தறுவாயில் அது 300 கிராம் அளவுக்கு ஏறிவிடும். மீனைப் போட்டால் கருவாடாகிற தண்ணீர். அப்போதுதான் பாத்தி இளஞ்சிவப்பாக மாறும். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்து மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். துனாலியெல்லா என்ற ஒற்றைச் செல் பாசி இரண்டு இழைகளை வீசி நீந்தும். அதற்குக் கெட்டியான சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டுமே. வெளியே இருக்கும் உப்பு உள்நீரை இழுத்துவிடாமலிருக்க, உள்ளே கிளிசராலைச் செய்து நிறைத்துக்கொள்கிறது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினைச் சேர்த்துவைத்து வெயிலைத் தாங்குகிறது.

நம் உடம்பிலும் இதே காவல்தான். செல்லின் சவ்வு, ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறைவிட மெல்லியது. அதில் ஒரு மடை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். 1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ இதைக் கண்டறிந்தார். 1997-இல் நோபல் பரிசு பெற்றார். நாம் தூங்கும்போதும் அந்த மடை தூங்குவதில்லை. அது நின்றால் உள்ளும் புறமும் மெல்ல ஒன்றாகிவிடும். அதைத்தான் சாவு என்கிறோம்.

அப்பாவின் கடைசி நாட்களில் சலைன் ஏற்றினார்கள். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. வெறும் தண்ணீரை ஏற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் ஊதி உடைந்துவிடும். உப்பு வாரிக் காய்த்துப்போன அந்தக் கையில் உப்புநீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வாழ்நாளெல்லாம் வெளியே கட்டிய வரப்பை, உடம்பு கோடானுகோடி இடங்களில் உள்ளே கட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் சொற்பொழிவாளர் சொன்னது தவறா? பாதிதான் தவறு. அடைத்தே வைத்த பாத்திக்கு உப்பும் வராது, தண்ணீரும் வராது. சவ்வும் அப்படித்தான். வெளியிலிருந்து சோறும் காற்றும் வந்தால்தான் அந்த மடை இயங்கும். முற்றும் மூடிக்கொண்டால் மிஞ்சுவது ஹூக்கின் தக்கை.

இன்னொன்றும் உண்டு. செல்லிலிருந்தே செல் பிறக்கும் என்று 1855-இல் விர்ச்சோ எழுதினார். சவ்வும் புதிதாக முளைப்பதில்லை, இருக்கிற சவ்வு வளர்ந்தே பிரிகிறது. என்னைச் சூழ்ந்த முதல் சவ்வு என் அம்மாவின் கருமுட்டையுடையது. அவளுடையது அவள் அம்மாவிடமிருந்து வந்தது. இப்படியே பின்னோக்கிப் போனால், ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளாக ஒருமுறைகூட அறுபடாத ஒரே வரப்பு அது. பாத்தியில் நீந்தும் பாசிக்கும் எனக்கும் பொதுவானது. 'நான்' என்று நான் இறுமாந்திருந்தது நான் கட்டியதே இல்லை. என்னிடம் காவலுக்குத் தந்தது.

தந்தவரைக் கடவுள் என்று கும்பிடுகிறேன். கரைகிற நாள் எல்லோருக்கும் வரும், அதற்கு நாம் தவம் செய்ய வேண்டியதில்லை. அதுவரை வரப்பைக் காப்பதும், வேண்டியவருக்கு மடையைத் திறப்பதுமே வழிபாடு.