உழைத்தார் ஊதியமும் துணைவர் உரிமையும்

ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய பொருள் அவருக்குப் பின் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உழைத்தவரே முடிவு செய்வதா, வேலை கொடுத்தவர் முடிவு செய்வதா? கேள்வியை இவ்வாறு கேட்டால், தோட்டத்திற் பால்மரம் வெட்டும் தோழரும் பட்டணத்திற் கணக்கெழுதும் அன்பரும் ஒரே விடையைத்தான் கூறுவர். ஆயினும், உழைத்தவர் ஒரு பெண், அவர் வாழ்க்கைத் துணையாகக் கொண்டவரும் ஒரு பெண்ணே என்று சேர்த்துச் சொன்னவுடன் விடை கூறியவர்களிற் பலர் தயங்குகின்றனர். இத்தயக்கம் நியாயமானதுதானா என்பதை ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில், ஓஷன் கவுண்டி என்னும் ஜில்லாவில், லாரல் ஹெஸ்டர் என்னும் அம்மையார் குற்ற விசாரணை அதிகாரியாக இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி, லெப்டினென்ட் பதவி வரை உயர்ந்தார். அவருக்கு நுரையீரலிற் புற்றுநோய் கண்டது. தாம் பிழைக்கப் போவதில்லை என்றறிந்த அம்மையார், தமக்குரிய பென்ஷன் தமக்குப் பின் தம் துணைவியாருக்குச் சேர வேண்டுமென்று ஜில்லா நிர்வாகக் குழுவை வேண்டினார். அத்தொகை இல்லையேல், இருவரும் வாழ்ந்த வீட்டைத் துணைவியார் இழக்க நேரும். உடன் வேலை செய்த ஆடவர் ஒருவர் இறந்திருப்பின், அவர் மனைவி யாரிடமும் கெஞ்ச வேண்டியிராது.

அந்த ராஜ்யத்தில் 2004-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடும்பத் துணைவர் சட்டம், ராஜ்ய சர்க்காரின் ஊழியர்களுக்கு இவ்வுரிமையை அளித்தது. ஜில்லா, நகர ஊழியர் விஷயத்தையோ அந்தந்தச் சபையின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. ஆகவே, கொடுக்கலாம் என்று சட்டம் சொல்லியும் குழுவிலிருந்த ஐவர் கொடுக்க மறுத்தனர். செலவு கூடும் என்றனர். விவாகத்தின் புனிதம் கெடும் என்று அவர்களுள் ஒருவர் சொல்லவும் செய்தார்.

செலவு என்னும் ஆட்சேபத்தை முதலிற் பார்ப்போம். பென்ஷன் என்பது எசமானன் இடும் பிச்சையா? இன்று கொடாமல் நாளைக்கென்று நிறுத்தி வைத்த கூலியே அது. ஒரே மேசையில் ஒரே வேலை செய்யும் இருவரிடமும் ஒரே விகிதத்திற் பணம் பிடித்துக்கொண்டு, ஒருவர் பங்கு அவர் வீட்டுக்குச் செல்ல, மற்றவர் பங்கு அவர் கண்மூடியதும் நிதியிலேயே தங்கிவிடுமானால், மிச்சம் பிடிக்கப்பட்டது யாருடைய பணம்? மலாயாவில் 1951-ம் ஆண்டு தோன்றிய சேமநிதியில், தம் பணம் இன்னாருக்குச் சேர வேண்டுமென்று தொழிலாளி பெயர் எழுதிக் கொடுக்கின்றார். அந்தப் பெயரைக் கண்டு, இவர் உனக்கு என்ன முறை, இந்த உறவு எங்களுக்குப் பிடிக்கவில்லையே என்று தோட்டத்துத் துரை படிவத்தைத் திருப்பி எறிந்தால் நாம் பொறுப்போமா?

புனிதம் என்னும் ஆட்சேபத்தைப் பற்றிப் பேச நம் இயக்கத்தாருக்குத் தனித் தகுதி உண்டு. புரோகிதரும் அக்கினியும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாதென்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 1967-ல் அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபை சட்டம் செய்யும் வரை, நம் சகோதரிகள் பலர் ஊரறிய மனைவியராகவும் ஏட்டளவில் யாரோ ஒருவராகவும் வாழ்ந்தனர். அந்த ஆண்டுகளில் அவர்கள் உலை வைக்கவில்லையா? நோயிற் கிடந்த கணவனுக்குக் கஞ்சி காய்ச்சவில்லையா? புனிதம் கெடும் என்ற அதே சொல்லைத்தான் அன்று நம்மீதும் வீசினார்கள். அதை நாம் இன்று எடுத்துப் பிறர்மேல் வீசுவது நமக்கு அழகாகத் தோன்றவில்லை.

நிற்க. நமக்கும் ஓர் ஐயம் உண்டு. மணமாகாத தமக்கையும் தங்கையும் ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் தாங்கி முதுமை எய்துகின்றனர்; அவர்களுக்கு ஏன் இவ்வுரிமை இல்லை? இக்கேள்விக்கு எளிய விடை நம்மிடம் இல்லை. நியூ ஜெர்ஸிச் சட்டம் ஒரே வீட்டில் வாழ்தல், ஒருவர் நலனுக்கு மற்றவர் பொறுப்பேற்றல் ஆகியவற்றுக்குச் சான்று கேட்டது, அறுபத்திரண்டு வயது கடந்த ஆண் பெண் துணைவரையும் ஏற்றது, உடன்பிறந்தாரை ஏற்கவில்லை. அவர்கள் குறையையும் ஒருநாள் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால், ஒருவர் பசியைக் காட்டி இன்னொருவர் இலையை எடுத்துவிடுவது தர்மமாகாது.

வாஷிங்டன் சர்க்கார் இன்னும் மெதுவாகவே நடந்தது. விவாகம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே என்று 1996-ல் காங்கிரஸ் சட்டம் செய்திருந்தது. 2009 ஜூனில் ஜனாதிபதி ஒபாமா, துணைவர் நோயுற்றால் பார்த்துக்கொள்ள லீவு போன்ற சில சலுகைகளைத் தம் ஊழியர்க்கு வழங்கினார். வைத்திய இன்ஷூரன்ஸையும் பென்ஷனையும் அச்சட்டம் தடுத்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விதியைத் தள்ளிய பின்னரே, மணம் புரிந்த ஒருபால் தம்பதிகளுக்கு அவை கிட்டின. அத்தகைய மணம் அந்நாடெங்கும் செல்லும் என்ற தீர்ப்பு 2015-ல் வந்தது.

ஹெஸ்டர் அம்மையார் இவற்றுள் ஒன்றையும் காணவில்லை. உடன் வேலை செய்த போலீஸாரும் ஊராரும் கூட்டந்தோறும் வந்து குரல் கொடுக்கவே, 2006 ஜனவரியில் ஜில்லாக் குழு தன் முடிவை மாற்றிக்கொண்டது. பிப்ரவரி 18-ம் நாள், தம் நாற்பத்தொன்பதாம் வயதில், அம்மையார் இறந்தார். பென்ஷன் துணைவியாருக்குச் சேர்ந்தது.