விடை கூறுவதும் பொறுப்புத் தருவதும்

தம்மிடம் வேலை செய்வோர் ஒவ்வொரு சிக்கலுக்கும் தம்மையே தேடி வருவது கண்டு பெருமை கொள்ளும் முதலாளிகளை நாம் அறிவோம். அரிசி ஆலையிலும் தறிக்கூடத்திலும் மட்டுமன்று, பங்கு இல்லங்களிலும் இப்பெருமை உண்டு. வந்தவருக்கு உடனே விடை கூறி அனுப்புவது அன்பாகவே தோன்றுகிறது. வேலையும் விரைவில் முடிகிறது. ஆயினும் விடையை அறிந்தவர் அதைக் கூறாமல், "உமக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டுக் காத்திருப்பது அதனினும் பெரிய அன்பாகுமா?

விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரத்தில் மோசே காலைமுதல் மாலைவரை தனியொருவராக மக்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். மாமனார் இத்திரோ அதைப் பாராட்டவில்லை. மோசே மட்டுமல்லர், மக்களும் சேர்ந்தே களைத்துப்போவர் என எச்சரிக்கிறார். மோசேயின் களைப்பு எளிதில் விளங்குகிறது. மக்களின் களைப்பே நம் சிந்தனைக்குரியது. வரிசையில் நிற்பவருக்குக் கால் மட்டும் கடுப்பதில்லை. தம் அறிவைப் பயன்படுத்தும் பழக்கமும் அவரைவிட்டு நீங்குகிறது. முதலில் சட்டங்களைக் கற்பிக்கவும், பின்பு ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் தலைவர்களை அமர்த்தவும், கடினமானவற்றை மட்டும் தம்மிடம் கொணரச் செய்யவும் இத்திரோ வழி கூறுகிறார்.

முசோலினியின் ஆட்சி இத்தாலியை இறுக்கிப் பிடித்திருந்த 1931இல், திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 'நாற்பதாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலில் இக்கருத்தைச் சமூகத்துக்கே விரித்துரைத்தார். சிறிய குழுக்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்றார். நிர்வாகக் குறை என்று கூறி அவர் விட்டுவிடவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "நீரே பார்த்துக்கொள்ளும்" என்பது பல முதலாளிகளுக்கு நல்ல தப்பிக்கும் வழி. பிலாத்தும் முடிவை மக்களிடமே விட்டுவிட்டுக் கைகழுவினான்! அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் சுமத்துவதும், தவறியபின் பழியை மட்டும் போடுவதும் பயிற்சியாகா.

வேறுபாட்டைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலையைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். வாரியங்களின் படிநிலையைப் பேசுவோர் குறைவு. ஓராண்டு பணிபுரியும் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். சம்வத்சர வாரியத்துக்கு ஆள் எடுக்கையில், முன்பு தோட்டத்தையும் ஏரியையும் கவனித்தவர்களும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களும் தெரிந்துகொள்ளப்பட்டனர். ஏரிக்கரையில் பழகிய கைக்கே பெரிய பொறுப்பு. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதி இழந்தனர். அச்சபை நிலமுள்ள அந்தண ஆடவருக்கு மட்டுமே உரியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பயிற்சி பெறத் தக்கவர் யார் என்பதிலேயே பெரும்பாலோரை அது ஒதுக்கிவிட்டது.

அரசன் என்ன செய்தான்? 919இல் சபை விதிகளை வகுத்தபோது அவனுடைய அதிகாரி உடனமர்ந்திருந்தார். இரண்டே ஆண்டுகளில், 921இல், விதிகள் திருத்தப்பட்டன. அப்போதும் அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்தார். ஆயினும் தீர்மானம் சபையினுடையதாகவே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அரண்மனை சபையைக் கைவிட்டுவிடவில்லை. முதல் ஏற்பாட்டைச் சபையே மாற்றி எழுத இடம் இருந்தது.

நம் திருச்சபைச் சட்டமும் (1983) பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டுமெனப் பணிக்கிறது. பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டும் தருகிறது. இறுதி முடிவு பங்குத்தந்தையிடமே இருப்பதால், அன்பியத்தார் கூடிப் பேசி எடுத்த முடிவு நமக்கு உவப்பாயில்லாமலும் ஆனால் தீங்கற்றதாயும் இருக்கும் நாளில்தான் இவ்வினா நம்மிடம் வந்து நிற்கிறது. அன்று அதை மாற்றும் உரிமை நமக்கு உண்டு. அதைப் பயன்படுத்தினால், அடுத்த கூட்டத்துக்கு வருவோர் முதலில் நம் முகத்தைப் பார்த்துவிட்டே வாய் திறப்பர்.