தாளில் எழுதிய வாப்பா



1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கிய பெரியவர்கள் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சிலருடைய குரல் தாழ்ந்துவிடும்.

காரணமுண்டு. 1953இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுச் சட்டம் இறுகிற்று. இங்கு குடியிருப்போரின் மனைவியும் சிறு பிள்ளைகளும் வரலாம். தங்கை மகன் வர வழியில்லை. கடைக்கு ஆள் வேண்டிய மாமா, அவனைத் தம் மகனென்றே எழுதுவித்தார். கப்பலிலேயே பையனுக்குப் பாடம் நடந்தது: “யார் கேட்டாலும் வாப்பா என்று சொல்!” வறுமை விரட்டிய காலம். அவர்களைக் குற்றவாளிகளாக்க நமக்கு மனமில்லை. ஆயினும் அந்தத் தாள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதே!

ஸைது (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வளர்ப்பு மகனாக ஏற்றதால் மக்கள் அவரை ‘முஹம்மதின் மகன் ஸைது’ என்றே அழைத்தார்கள். அதைவிடப் பெரிய பட்டம் உலகில் உண்டா? ஆனால் வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் பெயராலேயே அழைக்கவேண்டுமென்று அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை இறங்கியதும், அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார். அதே அத்தியாயத்தில் அவர் பெயரையும் அல்லாஹு தஆலா சொல்லிக் காட்டினான். ஸஹாபாக்களில் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவர் அவர் ஒருவரே.

நம் வீடுகளில் நடப்பதென்ன? மாமா மவுத்தானபின் தாள்மகன் சொத்தில் பங்குக்கு நிற்கிறார். தங்கை மகனுக்கு மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத்து எழுதி வைத்திருக்கலாம். மகன் பங்கு அவருக்கு ஏது? அதனினும் பெரிது நிக்காஹ். ஷாபிஈ மத்ஹபில் வலீயின்றி நிக்காஹ் இல்லை. மாமா மகளுக்கு ‘அண்ணன்’ என்று வலீயாக நிற்பவர், மார்க்கப்படி அவளை மணக்கத்தக்க முறைமாப்பிள்ளை!

தாளைத் திருத்துவது வக்கீலைக் கேட்டுச் செய்யவேண்டிய காரியம். வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல எந்த வக்கீலும் வேண்டாம். பெட்டியடியிலுள்ள பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளை அருகே அழைத்து, பெற்ற வாப்பாவின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊர்ப் பள்ளிவாசல் கபுருஸ்தானில் அடங்கியிருக்கும் அவருக்கும் அவர்கள் ஒரு பாத்திஹா ஓதட்டும்.