விழாவுக்கு மறுநாள்

புகழ் என்ற விஷயத்தில் நம்மவர்களுக்கு எப்போதுமே இரண்டு மனம். பிள்ளை பரீட்சையில் முதலாவதாகத் தேறினால் தெரு முழுதும் சர்க்கரை வழங்குவார்கள். ஆனால் அந்தப் பிள்ளையை எதிரே நிறுத்தி, 'நன்றாகச் செய்தாய்' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பாள் பாட்டி. தலைக்கனம் ஏறிவிடும் என்பார் தகப்பனார். கிடைக்க வேண்டிய நேரத்தில் கிடைக்காத அந்த வார்த்தை, அவன் செத்துப்போன பிறகு இரங்கல் கூட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும்.

இந்த இரட்டை மனம் ஊர்களுக்கும் உண்டு. தன்னிடையே பிறந்து, யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய முற்படுகிறவனை ஊர் முதலில் 'பிழைக்கத் தெரியாதவன்' என்கிறது. பிறகு ஒருநாள் 'நம்ம ஊர்க்காரர்' என்கிறது. இந்த இரண்டு பட்டங்களுக்கும் நடுவே கிடக்கிற ஆண்டுகளை அவன் தனியாகவே கழிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஓர் ஊர் தன்னுடைய கலைஞர்களையும், கைவினைஞர்களையும், புதுமை செய்தவர்களையும் மேடையேற்றி விழா எடுக்கிறது என்று கேட்டால், மகிழ்ச்சியோடு ஒரு சந்தேகமும் கூடவே எழுகிறது. அந்த விழா யாருக்காக? செய்தவனுக்காகவா, அல்லது அவனுடைய பெருமையில் பங்கு கேட்கிற நமக்காகவா?

இந்தக் கேள்வியைச் செட்டிநாட்டை வைத்து யோசித்துப் பார்க்கலாம். வற்றாத ஆறு இல்லாத பூமி. வானத்தை நம்பிய செம்மண். அங்கிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போய்ப் பொருள் தேடியவர்கள், தேடிய பொருளையெல்லாம் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்து வீடுகளாக நிறுத்தினார்கள். பர்மாத் தேக்குத் தூண்களையும், இத்தாலியச் சலவைக் கல்லையும், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரையும் பார்க்க இன்று பல தேசத்தவர்கள் வருகிறார்கள். சுவரைத் தடவிப் பார்த்து வியக்கிறார்கள். வீட்டைக் கட்டுவித்தவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். சுவரை இழைத்த கொத்தனாரின் பெயரைக் கேட்பாரும் இல்லை. கேட்டாலும் சொல்வாரும் இல்லை.

காலடியில் கிடக்கிற ஆத்தங்குடிப் பூக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உருவாகிற விதம் ஒரு சிறு அதிசயம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டம் ஒன்றை வைக்கிறார்கள். சட்டத்துக்குள்ளே பூக்கோலம் போல வளைந்த அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை மெல்ல மேலே தூக்கிவிடுகிறார்கள். பச்சை மஞ்சளோடு கலங்காமல் நிற்பது முழுக்க முழுக்க அந்தக் கையின் நிதானத்தைப் பொறுத்தது. அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த தூள். அதற்கு மேல் ஈரக் கலவை. மட்டம் தட்டிக் காயவைத்துப் பின் தண்ணீரில் சில நாள் ஊறவிடுகிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்புக் கல்லிலேயே தங்கிவிடுகிறது. சூளை கிடையாது, நெருப்பும் கிடையாது. அந்த ஊர் மணலும், வெயிலும், தண்ணீரும், ஒரு மனிதனுடைய பொறுமையுமே முதல். இந்த முறைக்கு மெருகேற்றிய கைகள் எத்தனையோ. ஒவ்வொரு கையும் முன் கையிடம் கற்றுக்கொண்டு, தன் பங்குக்குச் சிறிது சேர்த்திருக்கும். ஆனால் அந்தத் தொழிலாளியின் கையெழுத்து எந்தக் கல்லிலும் இல்லை.

'அவனுக்குக் கூலி கொடுத்தாயிற்றே, புகழ் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு நேர் மாறாக, 'புகழ்தான் கொடுத்தாயிற்றே, கூலி எதற்கு?' என்று நடந்துகொள்பவர்களும் உண்டு. கலைஞர்கள் மத்தியில் பழகியவர்களுக்கு இந்த இரண்டாவது வகையினரை நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். உழைப்பை வயிறு என்றும் மனம் என்றும் இரண்டாக வெட்டி, ஏதாவது ஒரு பாதிக்குப் படியளந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

கொண்டாட்டம் எப்படி இருக்கலாம் என்பதற்குக் காரைக்குடியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1939இல் சா. கணேசன் அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் அடிப்பொடி என்று தம்மைச் சொல்லிக்கொண்ட மனிதர் அவர். பங்குனி மாதத்தில் காரைக்குடியில் விழா நடந்து, அத்த நாளன்று நாட்டரசன்கோட்டையில், கம்பன் அடங்கிய இடம் என்று மக்கள் நம்புகிற சமாதியின் அருகே நிறைவுபெறும். ஒரு கவிஞனுக்கு விழா எடுப்பது பெரிய புதுமை அல்ல. அந்த விழாவுக்குள்ளே அவர் பட்டிமண்டபத்தை வைத்தார் பாருங்கள், அதுதான் புதுமை. பழைய காப்பியங்களில் தூங்கிக்கிடந்த சொல் அது. அதை எழுப்பிக்கொண்டுவந்து, ஊர் மக்கள் கூடியிருக்கும் பந்தலில் வழக்காடு மன்றம் போல நடத்திக் காட்டினார்கள். பக்கத்துக் குன்றக்குடியிலிருந்து அடிகளார் வந்து நடுவராக அமர்வார். அண்ணனுக்காகச் செத்த கும்பகருணன் உயர்ந்தவனா, அறத்துக்காக அண்ணனைப் பிரிந்த வீடணன் உயர்ந்தவனா என்பது போன்ற கேள்விகள் எழும். வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று இராமனையே கூண்டில் ஏற்றுவார்கள்.

இதிலே ஒரு பெரிய மரியாதை அடங்கியிருக்கிறது. கம்பனை வெறுமனே கும்பிட்டுவிட்டுப் போகவில்லை அவர்கள். அவன் சொன்னதைக் காதில் வாங்கி, மறுத்துப் பேசி, மடக்கிக் கேட்டு, நான்கு நாட்கள் அவனோடு வாழ்ந்தார்கள். ஒருவனை மெய்யாகவே பாராட்டுகிறவன் அவன் செய்த காரியத்துக்குள் நுழைந்து பார்ப்பான். 'அற்புதம், அபாரம்' என்ற சொற்களோ, உள்ளே நுழையாமல் வாசலிலேயே விடைபெற்றுக்கொள்ளச் சௌகரியமானவை. பட்டிமண்டபம் பல இடங்களில் வெறும் சிரிப்புப் பந்தலாக மாறிவிட்டதை நாம் இன்று பார்க்கிறோம். அப்படி மாறினாலும், அது பிறந்தபோது இருந்த எண்ணத்தின் கௌரவம் குறையாது.

கம்பன் விஷயத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு. அவன் வென்று முடித்தவன். அவனைக் கொண்டாடுவதில் நமக்கு நஷ்டம் ஏதும் வராது. இன்னும் வெல்லாதவனை என்ன செய்வது? காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் 1935இல் எடுத்த 'அல்லி அர்ஜுனா' தோற்றது. அடுத்து எடுத்த 'ரத்னாவளி'யும் தோற்றது. அந்தச் சமயத்தில் அவரைப் புதுமையாளர் என்று அழைத்து யாராவது மாலை போட்டிருந்தால் கேலிதான் செய்திருப்பார்கள். 1941இல் வந்த 'சபாபதி'க்குத் தமிழ்நாடே சிரித்தது. கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து 1944இல் வெளியிட்டார். யுத்தகால நெருக்கடியில் சொந்த ஊரிலேயே, தேவகோட்டை ரஸ்தாவில், ஸ்டூடியோ அமைத்தார். 1947இல் வெளியான 'நாம் இருவர்' அங்கே உருவான படம். மறு வருஷமே ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. இன்று ஊர் அவரைப் பற்றிப் பேசும்போது வெற்றிகளைத்தான் பேசுகிறது, அது இயல்பு. ஆனால் இளைஞன் ஒருவனுக்கு அந்த இரண்டு தோல்விகளின் கதைதான் அதிகம் உதவும். தோல்வியை மறைத்துவிட்டுப் புதுமையைக் கொண்டாடுகிற விழா, கேட்பவனுக்கு ஊக்கம் தருவதற்குப் பதிலாக, 'இது நமக்கு ஆகாது' என்ற பயத்தைத்தான் தருகிறது.

இன்னும் வெல்லாத ஒன்றை நம்பிக் கொடுத்த மனிதரும் அதே மண்ணில் இருந்தார். 1947இல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், ஊர்தோறும் கல்லூரிகள் வேண்டும் என்று துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் பேசினார். உடனே எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குகிறேன் என்றார் அழகப்பச் செட்டியார். அவ்வருஷமே கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. மின்வேதியியல் ஆராய்ச்சிக்கு ஒரு தேசியக் கூடம் அமைய இருக்கிறது என்று தெரிந்ததும் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அழகப்பர் 1957இல் மறைந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. அங்கே என்ன கண்டுபிடிப்பார்கள் என்று நிலம் கொடுத்த நாளில் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலே கொடுத்தார் என்பதுதான் விசேஷம். நடந்து முடிந்ததற்குக் கைதட்டுவது எளிது; நடக்கப் போவதற்கு இடம் கொடுப்பது அப்படி அல்ல.

அந்த ஆராய்ச்சிக் கூடம் நம் கேள்விக்கு வேறொரு முடிச்சையும் போடுகிறது. அங்கே நடக்கிற ஆராய்ச்சிகளில் உலோக அரிப்பைத் தடுப்பது முக்கியமான ஒன்று; கடலோரத்து அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு பிரிவும் வைத்திருக்கிறார்கள். துருவோடு போராடுகிறவனுடைய வெற்றி எப்படி இருக்கும்? பாலம் நேற்றுப் போலவே இன்றும் நிற்கும், அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவன் சாதனை. நடக்காத விபத்துக்கு யார் மாலை போடுவார்கள்? கண்ணுக்குத் தெரிகிறதை மட்டுமே நம்முடைய விழாக்கள் தேடுகின்றன. கோபுரம் கட்டினவனைத் தேடுகிறோம். அது சாயாமல் பார்த்துக்கொண்டவனை மறந்துவிடுகிறோம்.

காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அப்படிப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர். பெயர்ப் பலகை எழுதுவது அவர் தொழில். மற்றவர்களுடைய கடைப் பெயர்களை அழகாக எழுதிக் கொடுத்துக்கொண்டே, பழைய புத்தகங்களையும், பத்திரிகைகளையும், நாடக நோட்டீசுகளையும், கல்யாணப் பத்திரிகைகளையும்கூட ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தார். எடைக்குப் போட வேண்டிய காகிதம் என்று உலகம் எண்ணியதை அவர் சரித்திரம் என்று எண்ணினார். 1992இல் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்துக் காக்க வழி செய்தது. இன்று சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தமிழைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அந்த வாசலை மிதித்தவர்கள்தாம். ஒரு கிராமத்து மனிதர் காத்த செல்வத்தின் மதிப்பைச் சொல்லக் கடலுக்கு அப்பாலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. இதற்காக யாரையும் குறை கூறிப் பயனில்லை. இன்றைக்கு நம் தெருவில் யார் எதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று விசாரிப்பதில்தான் பயன் இருக்கிறது.

'உண்மையான கலைஞனுக்குப் புகழ் வேண்டாம், கடமையைச் செய்து பலனை எதிர்பாராதவன் அவன்' என்று சிலர் சொல்வார்கள். அழகான தத்துவம்தான். அந்தக் கலைஞன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அவனிடம் வேலை வாங்குகிறவன் சொல்லக்கூடாது. பலனை எதிர்பாராதே என்பது கொடுக்கிறவனுக்கு உபதேசமே தவிர, வாங்குகிறவனுக்குச் சலுகை அல்ல. மேலும், அவனுக்கே வேண்டாம் என்றாலும் ஊருக்கு வேண்டியிருக்கிறது. ஒரு பையன் யாரைப் பார்த்து வளர வேண்டும் என்பதை ஊர் தன் விழாக்களின் மூலமாகத்தான் அவனுக்குச் சொல்கிறது. பணம் சேர்த்தவனை மட்டும் மேடையேற்றினால் அவனும் அதையே கற்றுக்கொள்வான்.

சரி, எப்படிப்பட்ட கொண்டாட்டம் நேர்மையானது? காரைக்குடிப் பகுதியில் நெய்யப்படும் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல மரியாதை. ஆனால் கண்டாங்கி நெய்கிற ஒருவரை மேடைக்கு அழைத்து, ஆலையில் நெய்த பளபளப்பான பொன்னாடை ஒன்றை அவர் தோளில் போர்த்தினால் அது மரியாதையா? அந்தத் துணியின் விலைக்கு அவருடைய தறியில் ஒரு முழமாவது வாங்கியிருக்கலாமே என்று அவர் மனம் நினைக்காதா? பனையோலைக் கொட்டானின் கதை இதற்கு மாற்று. ஒரு காலத்தில் ஆச்சிமார்கள் கல்யாணச் சீருக்காகத் தம் கையாலேயே முடைந்த கொட்டான் வழக்கொழியும் நிலைக்கு வந்தது. விசாலாட்சி ராமசாமி ஏற்படுத்திய பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, விற்க வழியும் செய்தது. கொட்டானைப் பற்றி எத்தனை பேச்சுப் பேசியிருந்தாலும், ஒரு பெண் ஓலையைச் சாயத்தில் தோய்த்து முடைந்து, அதற்குக் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு ஈடாகாது.

ஆகையால் விழாவை விழா நாளில் மதிப்பிடக்கூடாது என்று தோன்றுகிறது. அன்று பந்தல் இருக்கும், வாழைமரம் இருக்கும், கூட்டம் இருக்கும்; எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். மறுநாள் காலை பந்தலைப் பிரித்த பிறகு பார்க்க வேண்டும். அந்தத் தறிக்கு ஒரு சேலை அதிகமாக ஆர்டர் வந்திருக்கிறதா? பூக்கல் செய்கிறவரிடம் தொழில் கற்க ஒரு பையனாவது போய் நின்றானா? இரண்டு முறை தோற்றவனுக்கு மூன்றாம் முறை முயல ஒருவராவது இடம் கொடுத்தாரா? இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் அந்த விழா செய்தவனுக்காக நடந்தது. ஒன்றும் நடக்கவில்லையென்றால் நமக்காக நடந்தது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகரம் என்ற பெயருக்கு ஏற்ற விழாக்களும் பெருகத்தான் செய்யும், பெருகட்டும். மேடையில் இடம்பெறும் பெயர்களோடு, அழைப்பிதழில் இடம்பெறாத பெயர்களையும் விசாரித்து வைத்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. அடுத்த தடவை அந்த வீடுகளில் ஒன்றுக்குப் போகிறவர்கள், பூக்கல்லில் கால் வைக்குமுன், இதை இப்போது யார் செய்கிறார்கள், எங்கே போனால் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். அதற்கு மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.