சூளையிலிட்ட உப்பு

சைவப் பாடசாலை ஆசிரியர்களே!

பலகாற் போதித்தும் நற்போதனை சில மாணாக்கரிடத்துப் பற்றவில்லையென்று நாம் வருந்துகின்றோம். சிலபோது அவரை மந்தரென்று தள்ளியும் விடுகின்றோம். இது தகுமோவென்பதை ஒரு தொழிலைக் கொண்டு ஆராய்வாம்.

ஜேர்மனி தேசத்திலே, றைன் நதியை அடுத்த ஊர்களிலே, 15ஆம் நூற்றாண்டிலேயே குயவர்கள் உப்பினால் மட்பாண்டங்களுக்கு மெருகேற்றினார்கள். நாம் நீர் வைக்கும் பானை பெரும்பாலும் 1000 பாகை செல்சியசுக்கு உட்பட்ட சூட்டிலே வேவது. அதன் நுண்டுளைகள் அடைபடாமையால் நீர் கசியும். அவர்கள் பாண்டமோ 1200 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலே கல்லைப்போல இறுகுவது. அவ்வுச்சச் சூட்டிலே குயவன் உப்பை அள்ளிச் சூளையினுள்ளே எறிவான். உப்பு ஆவியாகிப் பாண்டத்தைச் சூழும். அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடும் அலுமினாவோடும் கூடிக் கண்ணாடி போலும் மெருகாகும்.

ஈண்டு உய்த்துணரற்பாலது யாது? மெருகுக்கு உப்பு மாத்திரம் போதாது. மண்ணிலே முன்னமே உள்ள சிலிக்காவும் வேண்டும். அது மண்ணிலிருந்தும், சூடு போதாதாயின், எத்துணை உப்பு எறியினும் மெருகு தோன்றாது. ஆன்மாவுக்கு அறிவு இயல்பென்பதும், மலபரிபாகம் எய்திய காலத்தே குருவாக்கியம் பயன்படுமென்பதும் நமது சித்தாந்தமன்றோ? ஆகவே, பற்றாத போதனையைக் கண்டு மாணாக்கனிடத்து ஒன்றுமில்லையெனத் துணிதல் பிழையாம். பக்குவம் வருமளவும் அன்பென்னும் கனலை அவியாது காத்தலே நமது கடன்.

விரைதலும் ஆகாது. ஈரம் முற்றும் நீங்குமுன் சூட்டை விரைந்து ஏற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பாண்டத்தை வெடிப்பிக்கும். அதனை மண்ணின் குற்றமென்று குயவன் சொல்லான். கடுஞ்சொல்லினாலும் பிரம்பினாலும் உடைந்த பிள்ளையுள்ளத்துக்குப் பிள்ளையைக் குறைகூறுதல் நமக்கு மாத்திரம் எங்ஙனம் பொருந்தும்?

இன்னுமொன்று. ஏறக்குறைய 600 பாகையைக் கடந்து வெந்த களிமண், நீரிலிட்டாலும் மீளக் குழையாது. பிள்ளைப் பருவமும் அத்தன்மைத்தே, வாய்ப்பது ஒருமுறை. நம் கையிலே ஒப்புவிக்கப்பட்ட அவ்வுயிர்களுக்கு நாமும் ஒருநாள் விடை கூறல் வேண்டும். இதனை நாடோறும் வகுப்பினுட் புகுமுன் சிந்திப்போமாக. சிவபெருமான் திருவருள் நமக்குப் பொறுமையைத் தந்தருளுவதாக.